மியூனிக்கா, சிங்கப்பூரா? 6 வயசுப் பையனோட போறவங்களுக்கு எது கட்டுபடி ஆகும்?

நொய்யல்கரை:

வணக்கம். கோவையில எம்பெடட் சாஃப்ட்வேர் வேலை. ரெண்டு ஆஃபர் கையில இருக்கு. மியூனிக்ல வருஷத்துக்கு 85,000 யூரோ. சிங்கப்பூர்ல மாசம் 10,000 சிங்கப்பூர் டாலர், போனஸ் எழுத்துல இல்லை. மனைவி டெஸ்டிங்ல இருக்காங்க, அங்கயும் வேலைக்குப் போகணும்னு நினைக்கிறாங்க. பையனுக்கு 6 வயசு. அப்பா அம்மாவை அப்பப்போ கூட்டிட்டு வந்து வச்சுக்கணும்.

யூடியூப்ல எல்லாரும் "ஜெர்மனியில வரி அதிகம், சிங்கப்பூர்ல காசு மிச்சம்"னு ஒரே வரியில முடிச்சிடறாங்க. வீட்டு வாடகை, ஸ்கூல், ஆஸ்பத்திரி, வேலை போனா என்ன ஆகும், இதெல்லாம் தெரிஞ்சவங்க எண்ணோட சொன்னா உதவியா இருக்கும்.

---

கணக்குப்பிள்ளை:

முதலில் கைக்கு வரும் தொகை. எல்லாம் 2025-ஆம் ஆண்டு விகிதப்படி.

மியூனிக், 85,000 யூரோ. ஓய்வூதியத்துக்கு உங்கள் பங்கு 9.3%, வேலையின்மைக் காப்பீட்டுக்கு 1.3%. மருத்துவக் காப்பீடு சராசரியாக 8.55%, பராமரிப்புக் காப்பீடு ஒரு குழந்தை இருந்தால் 1.8%. கடைசி இரண்டும் 66,150 யூரோ வரைதான் கணக்கிடப்படும். ஆக, காப்பீடுகளுக்கு மட்டும் வருடம் ஏறத்தாழ 15,900 யூரோ போகும். வருமான வரி, வரி வகுப்பு 3 (தம்பதியில் ஒருவர் மட்டும் சம்பாதித்தால் பொருந்துவது) என்றால் சுமார் 11,300. மிச்சம் மாதம் 4,800 யூரோ சொச்சம். அதோடு பிள்ளைக்காக அரசு தரும் கிண்டர்கெல்ட் 255 யூரோ. மொத்தம் 5,075 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு கண்ணி உண்டு. திருமணமானவர் அங்கே போய்ப் பதிந்தவுடன் தானாகக் கிடைப்பது வகுப்பு 4. அதில் கைக்கு 4,250 யூரோதான் வரும். மனைவிக்கு வேலை கிடைக்கும் வரை வகுப்பு 3/5 (உங்களுக்கு 3, மனைவிக்கு 5) வேண்டும் என்று நீங்கள்தான் விண்ணப்பிக்க வேண்டும். மறந்தால் பணம் முழுகிவிடாது, ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்தால் திரும்ப வரும். ஆனால் வீடு பிடித்து, அட்வான்ஸ் கட்டி, சாமான் வாங்கும் முதல் மாதங்களில் அந்த 570 யூரோ இல்லாதது நன்றாகவே வலிக்கும்.

சிங்கப்பூர், வருடம் 1,20,000 டாலர். எம்ப்ளாய்மென்ட் பாஸில் (உங்களைப் போன்ற வெளிநாட்டு ஊழியருக்கான வேலை அனுமதி) இருப்பவருக்கு சி.பி.எஃப் (அங்குள்ள சேமநல நிதி) பிடித்தம் கிடையாது. மனைவி, பிள்ளை கழிவுகள் போக வரி சுமார் 7,150 டாலர். மாதத்துக்கு 600 என்றால் கையில் 9,400. யூரோவுக்கு 1.5 டாலர் என்று போட்டால் 6,270 யூரோ. "சிங்கப்பூர்தான் லாபம்" என்று எல்லோரும் சொல்வது இந்த இடத்தில் கணக்கை நிறுத்திவிடுவதால்.

மேலே போவோம். சிங்கப்பூரில் மூன்று படுக்கையறை எச்.டி.பி (அரசு கட்டிய அடுக்குமாடி) வீடு 3,300. இந்தியப் பாடத்திட்டப் பள்ளியும் பேருந்தும் 1,400. சாப்பாடு 1,300, போக்குவரத்து 250, கரண்ட், தண்ணீர், போன் 350, குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு 300, இதர செலவு 600. மிச்சம் 1,900 டாலர்.

மியூனிக்கில் இரண்டு படுக்கையறை வீடு ஹீட்டிங் உட்பட 2,100. சாப்பாடு 750, கரண்டும் இணையமும் 160, இருவருக்கு டாய்ச்லான்ட் டிக்கெட் (பஸ், உள்ளூர் ரயிலுக்கான மாதச் சீட்டு) 116 (2026 ஜனவரியிலிருந்து ஆளுக்கு 63, அப்போது 126), பள்ளி முடிந்த பிறகான பராமரிப்பு 150, ஒளிபரப்புக் கட்டணமும் பொறுப்புக் காப்பீடும் 30, இதர செலவு 500. மிச்சம் 1,270 யூரோ, அதாவது சுமார் 1,900 டாலர்.

இரண்டும் ஒன்றாக வருவது நான் போட்ட எண்களால்தான். பையனுக்கு சிங்கப்பூர் அரசுப் பள்ளியில் இடம் கிடைத்தால் சிங்கப்பூர் முந்தும். காண்டோவுக்கு (தனியார் அடுக்குமாடி) ஆசைப்பட்டால் வாடகை 4,500-ஐ எளிதாகத் தொடும், அப்போது மியூனிக் முந்தும். கவனிக்க வேண்டிய வித்தியாசம் வேறு: ஜெர்மனியில் ஓய்வூதியமும் மருத்துவமும் பிடித்த பிறகு மிஞ்சுவது அந்த 1,270. சிங்கப்பூரில் உங்கள் ஓய்வுக்காலப் பணமும் அந்த 1,900-க்குள்தான் இருக்கிறது.

இந்தியாவில் சேமிப்பு இருக்கிறதா? சிங்கப்பூர், தனிநபருக்கு வெளிநாட்டிலிருந்து வரும் வருமானத்துக்கு வரி போடுவதில்லை. ஜெர்மனியோ உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் கணக்கில் சேர்க்கும். இந்தியாவில் வரி இல்லாத என்.ஆர்.இ (வெளிநாடுவாழ் இந்தியருக்கான வங்கிக் கணக்கு) வட்டிக்கும் அங்கே 26.375% உண்டு. தம்பதிக்கு வருடம் 2,000 யூரோ வரை விலக்கு. பலர் இதைக் காட்டாமல் விட்டுவிடுகிறார்கள். அது தப்பு, பிறகு மாட்டினால் அபராதத்தோடு கட்ட வேண்டி வரும்.

---

தேக்கா:

கணக்குப்பிள்ளை சார் எண்கள் சரிதான். நான் சிங்கப்பூர் பக்கம் கொஞ்சம் சேர்க்கறேன்.

உங்க கேள்வியிலயே பெரிய விஷயம் மனைவி வேலை. டிபென்டன்ட் பாஸ்ல (குடும்பத்தாருக்கான அனுமதி) வர்றவங்க 2021 மே 1-லேர்ந்து முன்ன மாதிரி அரசோட சம்மதக் கடிதம் மட்டும் வாங்கி வேலைக்குச் சேர முடியாது. அவங்களுக்குன்னு தனியா எம்ப்ளாய்மென்ட் பாஸோ எஸ் பாஸோ (அதுக்கு அடுத்த படி வேலை அனுமதி) வேணும். எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு 2025-ல குறைந்தபட்ச சம்பளம் 5,600 (வயசு கூடக் கூட இதுவும் ஏறும்), அதுக்கு மேல காம்பஸ் புள்ளிக் கணக்குல 40 எடுக்கணும். டெஸ்டிங் வேலைக்கு இந்தத் தொகை கொடுத்து வெளிநாட்டு ஆளை எடுக்கற கம்பெனி இருக்கு, ஆனா தேடணும். அங்க போய்ப் பாத்துக்கலாம்னு கிளம்பினா ரெண்டு வருஷம் வீட்டுலயே போயிடும். ஜெர்மனியில ப்ளூ கார்டு (பட்டதாரித் திறனாளருக்கான வேலை அனுமதி) வச்சிருக்கறவர் மனைவி வந்த அன்னிலேர்ந்தே எந்த வேலைக்கும் போகலாம், ஜெர்மன் தேர்வுச் சான்றும் விசாவுக்குக் கேக்கறதில்லை. வேலை கிடைக்க பாஷை வேணும்கறது வேற கதை.

ஸ்கூல். அரசுப் பள்ளியில வெளிநாட்டுப் பிள்ளைக்குக் கடைசியிலதான் இடம். முதல் வகுப்புக்கு உள்ளூர்ப் பிள்ளைங்க எல்லாரும் சேர்ந்த பிறகு மிச்சம் இருந்தா உண்டு. ரெண்டாம் வகுப்புலேர்ந்து அஞ்சாம் வகுப்பு வரைக்கும் ஏ.இ.ஐ.எஸ்னு ஒரு தேர்வு, இங்கிலீஷும் கணக்கும். பாஸ் பண்ணினாலும் எந்தப் பள்ளின்னு நீங்க சொல்ல முடியாது, காலியா இருக்கற இடத்துல போடுவாங்க. அதனால வாடகை ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுட்டுப் பள்ளிக்கு அலையாதீங்க, சில சமயம் தீவோட இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போகணும். உள்ள போயிட்டா தரம் அருமை. தமிழைத் தாய்மொழிப் பாடமா எடுத்துப் படிக்கலாம், மியூனிக்ல கிடைக்குமா இது?

வாடகை ஒப்பந்தத்துல பார்க்க வேண்டியது:

ரெண்டு வருஷ ஒப்பந்தம்னா ரெண்டு மாச டெபாசிட். முத்திரை வரி மொத்த வாடகையில 0.4%, நீங்கதான் கட்டணும். 3,300 வாடகை, 24 மாசம்னா சுமார் 317 டாலர். கையெழுத்தாகி 14 நாளைக்குள்ள கட்டியாகணும். "டிப்ளமேட்டிக் கிளாஸ்" இருக்கான்னு பாருங்க. வேலை போய் நாட்டை விட்டுக் கிளம்பற நிலைமை வந்தா, வழக்கமா 12 மாசம் முடிஞ்ச பிறகு 2 மாச நோட்டீஸ்ல ஒப்பந்தத்தை முறிக்க அது வழி பண்ணும். அது இல்லாத ஒப்பந்தம்னா மிச்ச மாச வாடகைக்கும் நீங்கதான் பொறுப்பு. ஏ.சி.யை மூணு மாசத்துக்கு ஒரு தடவை சர்வீஸ் பண்ணி ரசீது வச்சிருக்கணும்னு போட்டிருப்பாங்க. ரசீது இல்லேன்னா போகும்போது டெபாசிட்ல கை வைப்பாங்க. அப்புறம் "லைட் குக்கிங்" மட்டும்னு ஒரு வரி. தாளிக்கறவங்களுக்கு அது ஆகாது. முதல்லயே "தினமும் இந்திய சமையல்"னு எழுதி வாங்கிடுங்க.

இன்னொண்ணு, பையன்கறதால சொல்றேன். பின்னால நிரந்தரவாசி ஆக விண்ணப்பிச்சு அவனையும் சேர்த்தா, பதினாறரை வயசுல தேசிய சேவைக்கு (ராணுவம் மாதிரி கட்டாயப் பணி) பதியணும், முழுநேரமா ரெண்டு வருஷம். அப்பாவுக்கு விலக்கு, மகனுக்குக் கிடையாது. அதைத் தவிர்க்க நடுவுல நிரந்தரவாசத்தைக் கைகழுவினா பின்னாடி அவன் அங்க படிக்கவோ வேலைக்கோ கேக்கும்போது அதையும் பார்ப்பாங்க.

---

ஈசார் ஓரம்:

மியூனிக் பத்தி சொல்லணும்னா வீட்டுலேர்ந்து ஆரம்பிக்கணும், ஏன்னா மத்த எல்லாம் அதுலதான் மாட்டிக்கும்.

விளம்பரத்துல ரெண்டு வாடகை இருக்கும். கால்ட்மீட்டெங்கறது வெறும் வீட்டுக்கு, வார்ம்மீட்டெங்கறது ஹீட்டிங், தண்ணி, குப்பை எல்லாம் சேர்த்து. முதல் எண்ணைப் பார்த்து சந்தோஷப்படாதீங்க. வார்ம்மீட்டெயிலயும் கரண்ட் பெரும்பாலும் சேராது. அதுவும் உத்தேசக் கணக்குதான். வருஷம் முடிஞ்சு 12 மாசத்துக்குள்ள உண்மையான கணக்கு வரும், குளிர்காலத்துல தாராளமா ஹீட்டர் ஓட்டியிருந்தா சில நூறு யூரோ கூடுதலாக் கேப்பாங்க. டெபாசிட் சட்டப்படி மூணு மாச கால்ட்மீட்டெக்கு மேல வாங்கக்கூடாது, மூணு தவணையாக் கட்டவும் உரிமை உண்டு. நிறைய வீட்டுல சமையலறைன்னா குழாய் இணைப்பும் பிளக் பாயின்ட்டும் மட்டும்தான். அடுப்பு, சிங்க், அலமாரி எல்லாம் நீங்க வாங்கணும், இல்லேன்னா போறவங்க கிட்ட காசு கொடுத்து எடுத்துக்கணும்.

வீடு கிடைச்சு ரெண்டு வாரத்துக்குள்ள முகவரி பதியணும். அதுக்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட உறுதிக் கடிதம் வேணும். தற்காலிகமா எடுக்கற ஏர்பிஎன்பி மாதிரி இடத்துல பல பேர் அந்தக் கடிதம் தரமாட்டாங்க. பதிவு இல்லேன்னா வரி எண் வராது, வரி எண் இல்லேன்னா கம்பெனி வகுப்பு 6-ல வரி பிடிக்கும், அது இருக்கறதுலயே அதிகம். அதனால முதல் மாசத்துக்கு இடம் தேடும்போதே "பதிவு பண்ண முடியுமா"ன்னு எழுத்துல கேளுங்க.

பூஞ்சை. இதைப் பத்தி யாரும் சொல்றதில்லை. அந்த ஊர் வீடுங்க காத்து புகாத மாதிரி அடைச்சுக் கட்டினது. இட்லி ஆவி, ரசம் கொதி, உள்ளயே காயப் போட்ட துணி, எல்லா ஈரமும் போக இடமில்லாம வெளிச்சுவத்து மூலையில, பீரோ பின்னாடி போய் உட்காரும். ஒரு குளிர்காலத்துலயே கறுப்புப் புள்ளி வந்துடும். வீட்டுக்காரர் "நீங்க காத்தோட்டம் விடலை"ன்னு சொல்வார், வெள்ளையடிக்கற செலவு உங்க தலையில. ஜன்னலை மேல்பக்கம் லேசாச் சாய்ச்சு நாள் பூரா விடறது தப்பு. சுவர் குளிரும், ஈரம் போகாது, ஹீட்டிங் பில்தான் ஏறும். ஹீட்டரைக் குறைச்சுட்டு, எதிரெதிர் ஜன்னலை அகலமாத் திறந்து 5 முதல் 10 நிமிஷம், ஒரு நாளைக்கு மூணு தடவை. குளிச்சதும் சமைச்சதும் ஒரு தடவை. பத்து யூரோவுக்கு ஈரப்பதமானி கிடைக்கும், 60%-ஐத் தாண்டவிடாதீங்க. பீரோவை வெளிச்சுவத்துலேர்ந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்க.

பள்ளிக்குக் கட்டணம் இல்லை. ஆனா 6 வயசுங்கறது பவேரியாவுல ரொம்ப முக்கியமான வயசு. நாலாம் வகுப்பு மே மாசம் ஒரு சான்றிதழ் கொடுப்பாங்க. ஜெர்மன், கணக்கு, சூழ்நிலையியல் மூணோட சராசரி 2.33-க்குள்ள இருந்தா கிம்னாசியம் (பல்கலைக்கழகத்துக்கு நேரா போற பள்ளி), 2.66-க்குள்ள ரியால்ஷூல (நடுத்தர நிலைப் பள்ளி), அதுக்கு மேல மிட்டல்ஷூல (தொழிற்பயிற்சிப் பக்கம் போற பள்ளி). அங்க 1-தான் நல்ல மார்க், எண் கூடினா மோசம். இப்பவே போனா பாஷை பிடிக்கப் பையனுக்கு நாலு வருஷம் இருக்கு. எட்டு வயசுல போனா ரெண்டு வருஷம்தான். யோசிச்சுட்டு ரெண்டு வருஷம் கழிச்சுப் போறேங்கறது அவனுக்குத்தான் நஷ்டம்.

கீழ் வகுப்புக்குப் பள்ளி பதினொன்றரை மணிக்கே விடற நாளும் உண்டு. ரெண்டு பேரும் வேலைக்குப் போகணும்னா மதியப் பராமரிப்பு இடத்துக்கு வசந்த காலத்துலயே எழுதிப் போடணும், செப்டம்பர்ல போய்க் கேட்டா கிடைக்காது. 2026 ஆகஸ்ட்லேர்ந்து புதுசா முதல் வகுப்பு சேரற பிள்ளைங்களுக்கு முழுநாள் பராமரிப்பு சட்ட உரிமையாகுது. உரிமை காகிதத்துல வந்தாலும் ஆள் பத்தணுமே.

பொங்கலுக்கோ தீபாவளிக்கோ பள்ளி நாள்ல பையனைக் கூட்டிட்டு ஊருக்குப் பறக்க முடியாது. கட்டாயக் கல்விச் சட்டம், அபராதம் உண்டு. விடுமுறை ஆரம்பிக்கறதுக்கு முந்தின நாள் பவேரிய விமான நிலையத்துல போலீஸ் பிள்ளைங்களோட போறவங்களை நிறுத்திக் கேட்ட சம்பவமெல்லாம் நடந்திருக்கு. அதனால எல்லாரும் ஆகஸ்ட்லதான் டிக்கெட் போடுவாங்க, விலையும் அப்பதான் உச்சத்துல இருக்கும்.

---

நொய்யல்கரை:

ரொம்ப நன்றிங்க, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கலை. வேலை போனா என்ன நிலைமைன்னும், அப்பா அம்மா விஷயமும் யாராவது சொல்லுங்க. கம்பெனி எச்.ஆர். மியூனிக்ல தனியார் மருத்துவக் காப்பீடு எடுத்தா மலிவுன்னு சொன்னாங்க, எடுக்கலாமா?

---

கணக்குப்பிள்ளை:

காப்பீட்டை முதலில் சொல்லிவிடுகிறேன்: எடுக்காதீர்கள். 2025-ல் 73,800 யூரோவுக்கு மேல் சம்பளம் என்றால் தனியாருக்குப் போக அனுமதி உண்டு, அதனால்தான் முகவர்கள் துரத்துவார்கள். அரசுக் காப்பீட்டில் வருமானம் இல்லாத மனைவியும் பிள்ளையும் உங்கள் சந்தாவிலேயே அடங்கிவிடுவார்கள். தனியாரில் மூன்று பேருக்கும் தனித்தனிச் சந்தா. வயது ஏற ஏறச் சந்தாவும் ஏறும், திரும்பி வரும் கதவும் மிகக் குறுகல், 55 வயதுக்குப் பிறகு கிட்டத்தட்ட மூடியே விடும். தனியாரில் நிபுணரை விரைவில் பார்க்கலாம் என்பது உண்மை. அரசுக் காப்பீட்டில் தோல் மருத்துவருக்கோ கண் மருத்துவருக்கோ மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். குடும்ப மருத்துவர் பரிந்துரைச் சீட்டில் அவசரக் குறியீடு எண் போட்டுத் தந்தால் 116117-ல் அழைத்து நான்கு வாரத்துக்குள் தேதி வாங்கலாம். அந்தக் குறியீட்டை நாம் கேட்டு வாங்க வேண்டும், தானாகத் தருபவர்கள் குறைவு.

சிங்கப்பூரில் எம்ப்ளாய்மென்ட் பாஸ்காரருக்கு அரசு மானியம் இல்லை, மெடிஷீல்டும் (அரசு மருத்துவக் காப்பீடு) இல்லை. கம்பெனிக் காப்பீடு பெரும்பாலும் உங்களுக்கு மட்டும். மனைவிக்கும் பிள்ளைக்கும் உண்டா, மருத்துவமனை அறைக்கு வரம்பு என்ன, பிரசவம் உண்டா (பொதுவாக இருக்காது) என்று பாலிசித் தாளையே கேட்டு வாங்குங்கள். மற்றபடி அங்கே மருத்துவரைப் பார்க்க இழுபறி கிடையாது, கீழ்வீட்டு கிளினிக்கில் அரை மணியில் வேலை முடியும்.

வேலை போனால்: சிங்கப்பூரில் பாஸ் ரத்தாகி, பொதுவாக 30 நாள் தங்க விடுவார்கள். அதற்குள் வேறு கம்பெனி பாஸ் போட வேண்டும், இல்லையென்றால் பள்ளி நடுவில் பெட்டி கட்ட வேண்டும். வேலையின்மைப் பணம் கிடையாது. ஆட்குறைப்பு இழப்பீடும் ஒப்பந்தத்தில் இருந்தால்தான். இன்னொன்று, சிங்கப்பூரில் வரியை மாதம் மாதம் பிடிப்பதில்லை. நீங்கள் கிளம்பும்போது கம்பெனி ஐ.ஆர்.21 என்ற படிவம் போட்டு, வரி கணக்காகும் வரை கடைசிச் சம்பளம் முழுவதையும் நிறுத்தி வைக்கும். ஆறு மாதச் செலவுக்குப் பணம் தனியே இல்லாமல் அங்கே குடும்பத்தோடு இருப்பது ஆபத்து.

ஜெர்மனியில் முதல் ஆறு மாதம் சோதனைக்காலம், இரண்டு வார நோட்டீஸில் அனுப்பலாம். அதைத் தாண்டி, 10 பேருக்கு மேல் உள்ள கம்பெனி என்றால் காரணம் இல்லாமல் நீக்க முடியாது. நீக்கினால் 3 வாரத்துக்குள் தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும், நான்காவது வாரம் போனால் உரிமை போச்சு. 12 மாதம் சந்தா கட்டியிருந்தால் வேலையின்மைப் பணம், பிள்ளை இருந்தால் நிகரச் சம்பளத்தில் 67%. நோட்டீஸ் கைக்கு வந்த 3 நாளைக்குள் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள், தவறினால் ஒரு வாரப் பணம் வெட்டு. நீங்களாக ராஜினாமா செய்தால் 12 வாரம் வெட்டு. "மனமொத்துப் பிரிவோம்" என்று கம்பெனி நீட்டும் தாளில் கையெழுத்துப் போட்டாலும் பெரும்பாலும் அதே 12 வாரம்தான், அங்கேதான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள்.

உடல்நலம் கெட்டால்கூட இதே வித்தியாசம். ஜெர்மனியில் ஆறு வாரம் முழுச் சம்பளம், அதன்பிறகு காப்பீடு மொத்தச் சம்பளத்தில் 70% வரை தரும். சிங்கப்பூர்ச் சட்டத்தில் வருடத்துக்கு 14 நாள், மருத்துவமனையில் சேர்ந்தால் எல்லாம் சேர்த்து 60 நாள்.

---

தேக்கா:

பெற்றோர் விஷயம் நான் சொல்றேன். சிங்கப்பூர்ல பெற்றோருக்கு நீண்டகால வருகை பாஸ் எடுக்க உங்க நிலையான சம்பளம் 12,000 ஆகணும். 10,000-க்குக் கிடையாது. சும்மா வருகை விசாவுல வந்து போகலாம், கோவையிலேர்ந்தே நேர் விமானம், நாலு மணி நேரத்துக்குச் சொச்சம். போனஸ் பேசறதை விட்டுட்டு மாசச் சம்பளத்தை 12,000-க்கு ஏத்தப் பாருங்க. இந்தக் கணக்குல போனஸ் சேராது.

---

ஈசார் ஓரம்:

ஜெர்மனியில 2024 மார்ச்லேர்ந்து புதுசா வர்ற திறனாளர்களோட பெற்றோர் வந்து தங்கச் சட்டம் இருக்கு. ஆனா அவங்களுக்கு முழு மருத்துவக் காப்பீடு காட்டணும். அரசுக் காப்பீடு சேர்க்காது. 65 வயசுக்காரருக்குத் தனியார் காப்பீடு கிடைக்கறதே கஷ்டம், கிடைச்சாலும் விலை கட்டுபடியாகாது. நடைமுறையில ஷெங்கன் விசா (ஐரோப்பாவுக்கான குறுகிய கால விசா), 180 நாள்ல 90 நாள். மே கடைசியில கூட்டிட்டு வாங்க. ஜூன்ல ஒன்பது மணிக்கு மேலயும் வெளிச்சம் இருக்கும், பூங்காவுல நடப்பாங்க. டிசம்பர்ல நாலரை மணிக்கெல்லாம் இருட்டிடும், ஞாயித்துக்கிழமை கடையும் இல்லை, வயசானவங்க ஜன்னலோரம் உக்கார்ந்து "எப்படா ஊருக்குப் போவோம்"னு ஆயிடுவாங்க. முதல் குளிர்காலம் மனைவிக்கும் அப்படித்தான் இருக்கும், அதைக் கணக்குல வச்சுக்கோங்க.

---

வாழைப்பூ:

யாரும் சாப்பாடு பேசலையே! சிங்கப்பூர் தேக்கா சந்தையில முருங்கைக்கீரை, சுண்டைக்காய்னு எல்லாம் உண்டு, அயிரை மீன் மட்டும் கிடையாது. மியூனிக்ல ரயில் நிலையம் பக்கத்துக் கடைகள்ல இட்லி அரிசி, உளுந்து, புளி கிடைக்கும், பச்சைக் காய் வாரத்துல ஒரு நாள் வரும். இட்லி மாவு குளிர்ல பொங்காது. ஓவன்ல விளக்கை மட்டும் போட்டு உள்ள வச்சிடுங்க, 12 மணி நேரத்துல பொங்கிடும். பாத்திரத்துல பாதிக்கு மேல ஊத்தாதீங்க, ஓவனைக் கழுவ நேரிடும்.

---

நொய்யல்கரை:

மனைவி கூட உக்கார்ந்து எல்லாத்தையும் படிச்சோம். மனைவி வேலை, பையன் வயசு ரெண்டும் மியூனிக் பக்கம் தள்ளுது. அஞ்சு வருஷத்துல திரும்பிட்டா அந்த ஓய்வூதியப் பணம் என்ன ஆகும்ங்க?

---

கணக்குப்பிள்ளை:

60 மாதம் கட்டினால் ஓய்வு வயதில் ஜெர்மன் ஓய்வூதியம் உண்டு, இந்தியாவில் இருந்தே வாங்கலாம். 60-க்குக் குறைவு என்றால், ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுக் கிளம்பி 24 மாதம் கழித்து விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம். உங்கள் பங்கு மட்டும், வட்டி இல்லை, கம்பெனி பங்கு வராது. ஆகவே 57-வது, 58-வது மாதத்தில் கிளம்புகிறவர் மூன்று மாதம் தள்ளிப் போட முடியுமா என்று பார்ப்பது நல்லது.

திரும்புவதா தங்குவதா என்று தெரியாவிட்டாலும் பி1 (நடுத்தர நிலை) ஜெர்மன் முடித்துவிடுங்கள். ப்ளூ கார்டில் இருந்தால் 21 மாதத்தில் நிரந்தர அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். ஏ1 (ஆரம்ப நிலை) மட்டும் என்றால் 27 மாதம். அது கையில் வந்தால் வேலை போனாலும் விசா போகாது. இப்போது கோவையில் இருக்கும்போதே ஏ1 வகுப்பில் இருவரும் சேருங்கள். திருமணச் சான்றும் பிறப்புச் சான்றும் பதிவு பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் ஜெர்மனில் மாற்றி நான்கு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். வரி வகுப்புக்கும் கிண்டர்கெல்டுக்கும் பள்ளிக்கும் அதைத்தான் கேட்பார்கள். கிண்டர்கெல்ட் ஆறு மாதத்துக்கு மேல் பின்தேதியிட்டுத் தர மாட்டார்கள், அங்கே போய்ச் சேர்ந்த மாதமே எழுதிப் போடுங்கள்.